கையெழுத்துப் போர்வை: விருந்தினர் பேனாவை எடுக்கும் முன் துணியைத் தயார் செய்வது எப்படி?

2009இல் என் தங்கையின் வளைகாப்பு பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. வந்தவர்கள் எல்லாரிடமும் ஆளுக்கொரு துண்டுத் துணியில் கையெழுத்து வாங்கி, அத்தனையையும் சேர்த்துப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு போர்வையாகத் தைத்தேன். எங்கள் பெரியப்பா பெரம்பூர் பின்னி மில்லில் தறி ஓட்டியவர். துணியைக் கையில் கொடுத்ததும் எழுதிவிடவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், அப்புறம்தான் பேனா வாங்கினார். 'கோ.' என்று தலைப்பெழுத்துப் போட்டு, பெயரை விளிம்பு முதல் விளிம்பு வரை நிறைத்து எழுதினார். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஓரம் விடச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தைக்கும்போது இடப்பக்கம் கால் இஞ்ச் தையலுக்குள் போனது. 'கோ'வின் இரட்டைக்கொம்பு உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே 'கா.' மட்டும் நின்றது. அவர் அப்பாவின் பெயரெழுத்தே மாறிப்போனது. பிரித்துத் தைத்தாலும் நீட்டிக்கொள்ளத் துணி மிச்சமில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பெரியப்பா போய்விட்டார். அந்தப் போர்வையை எடுக்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த எழுத்துக்குத்தான் போகிறது.

அதற்குப் பிறகு அறுபதாம் கல்யாணம், புதுமனை புகுவிழா, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு நடத்தும் பிரிவு உபசாரம் என்று பல போர்வைகள் தைத்துவிட்டேன். தையல் தெரிந்தவர்கள்கூடத் தடுமாறுகிற இடம் ஒன்றுதான்: விருந்தினர் எழுதுவதற்கு முன்னால் துணியைத் தயார் செய்வது. எழுத வருகிறவருக்கு நம் கட்டத்தோடு ஒரு நிமிஷம்தான் பழக்கம். அந்த ஒரு நிமிஷத்தில் தப்பு நடக்க வழியே இல்லாதபடி முந்தின வாரமே வேலையை முடித்து வைத்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போர்வை நம் ஊர்ப் பழக்கம் அல்ல. பழம்புடவையை மடித்துப் பிள்ளைக்குத் தைத்துப் போடுவதுதான் நம் வழக்கம். அமெரிக்காவில் 1840களில், நட்பு வட்டம் முழுவதும் பெயர் எழுதிச் சேர்த்துத் தைக்கும் குவில்ட்டுகள் பரவலாக இருந்தன. துணியை அரிக்காத, அழியாத மை அப்போது கைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் அதற்கு ஒரு காரணம். எனக்கு நெருக்கமானது சிங்கப்பூர் சாங்கி சிறையின் கதை. 1942இல் ஜப்பானியர் அங்கே அடைத்து வைத்திருந்த பெண்கள், ஆளுக்கொரு சதுரத்தில் பெயரை நூலால் தைத்து, 66 சதுரம் கொண்ட போர்வைகள் மூன்று செய்தார்கள். அடுத்த பகுதியில் அடைபட்டிருந்த கணவன்மாருக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிவிக்க அதுவும் ஒரு வழியாக இருந்தது. அந்தப் போர்வைகள் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன.

கணக்கு

முதலில் போர்வையின் அளவை முடிவு செய்யுங்கள். ஒற்றைக் கட்டிலுக்கு 60 இஞ்ச் அகலம், 90 இஞ்ச் நீளம் போதும். தைத்து முடித்த கட்டம் 6 இஞ்ச் என்றால் அகலத்துக்கு 10, நீளத்துக்கு 15, மொத்தம் 150 கட்டம். இத்தனையும் கையெழுத்தாக இருந்தால் கண்ணுக்கு இளைப்பாற இடமே இருக்காது. சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று விட்டு ஒன்று பூப்போட்ட துணியை வையுங்கள். 75 கையெழுத்து, 75 பூத்துணி. குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் 75 கட்டத்தில் இருநூறு பேருக்கு மேல் அடங்கிவிடுவார்கள். சின்ன விழா என்றால் பிள்ளைப் போர்வையாக 36 இஞ்ச் சதுரம் செய்யலாம். அதற்கு 36 கட்டம், அதில் பாதி கையெழுத்து.

எத்தனை கட்டம் வேண்டுமோ அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வெட்டி வைப்பது என் பழக்கம். கை தவறும், காபி சிந்தும், கடைசி நேரத்தில் எதிர்பாராத சித்தப்பா வந்து நிற்பார். 75 வேண்டுமென்றால் 100 வெட்டுவேன்.

துணி

இதற்கு லாங் கிளாத்துதான் வாங்குங்கள். நெருக்கமான நெசவு, வழவழப்பான முகம், சுத்தமான பருத்தி. காடாத் துணி முரடு, பேனா முனை இழையில் இடறும். மல் துணி மெல்லிசு, மை பரவும், பின்னால் வைக்கும் துணியின் நிறமும் தெரியும். எம்.சி. ரோடு கடைகளில் மீட்டர் கணக்கில் லாங் கிளாத் கிடைக்கும். நிறைய வேண்டுமென்றால் பாரிமுனை கோடவுன் தெருவுக்குப் போகலாம். வெள்ளை வெளேர் என்று எடுக்காமல் ஹாஃப் ஒயிட் கேளுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் பளீர் வெள்ளை நாலு துவைப்பில் பழுப்பேறிவிடும், ஹாஃப் ஒயிட்டில் அது தெரியாது.

"சுத்தமான காட்டன்தாங்க" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, முனையில் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணி வேண்டாம். பின்னால் நல்ல சூட்டில் இஸ்திரி போடவேண்டி வரும், அதை அது தாங்காது.

44 இஞ்ச் அகலத் துணியில், துவைத்துச் சுருங்கி, கரையை ஒதுக்கியபின் 7 இஞ்ச் கட்டம் அகலத்துக்கு ஐந்து சுத்தமாக வரும். ஆறு வெட்டப் பார்த்தால் கரை உள்ளே வந்துவிடும். ஒரு மீட்டர் நீளத்தில் ஐந்து வரிசை. ஆக மீட்டருக்கு 25. நூறு கட்டத்துக்கு நாலு மீட்டர், சுருக்கத்துக்கென்று இன்னொரு கால் மீட்டர். அகலத்தில் மிஞ்சும் நாடாவை எறியாதீர்கள், பேனாவைச் சோதிக்க அதுதான் வேண்டும்.

வெட்டுவதற்கு முன் துவைக்க வேண்டும், இதை விடவே கூடாது. புதுத் துணியில் ஏற்றியிருக்கும் கஞ்சிமேல் மை உட்கார்ந்தால், முதல் துவைப்பில் கஞ்சியோடு மையும் கொஞ்சம் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சாதாரண சோப்புத் தூள் போட்டு அலசுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காதீர்கள். அது இழைமேல் ஒரு படலம் விடும், மை பிடிக்காது. எழுத விறைப்பாக இருக்கட்டும் என்று நம் கை தானாகக் கஞ்சித் தண்ணீர் தேடும். அதுவும் வேண்டாம், காரணம் அதேதான். விறைப்புக்கு வேறு வழி சொல்கிறேன்.

காய்ந்ததும் இஸ்திரி போட்டு 7 இஞ்சுக்கு வெட்டுங்கள். லாங் கிளாத்தைக் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிக் கிழித்தால் நேர் இழையிலேயே கிழியும். நீளவாக்கில் கிழித்துக்கொண்டு, குறுக்கே கத்தரியால் வெட்டுவது எனக்குச் சுலபம். கடைசியில் நமக்கு வேண்டியது ஆறரை இஞ்ச்தான். கூடுதல் அரை இஞ்ச், எழுத்து கொஞ்சம் கோணலாகவோ தள்ளியோ விழுந்தால் நகர்த்தி வெட்டிக்கொள்ள. அந்த அரை இஞ்ச் அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் பெரியப்பாவின் இரட்டைக்கொம்பு பிழைத்திருக்கும்.

பேனா

வண்ணாரப்பேட்டை என்ற பெயரே துணியிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளைத் துவைத்து வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய இடம் இது. வெளுக்கப் போடும் துணியில் வீட்டு அடையாளம் வைக்க அந்தக் காலத்தில் சேங்கொட்டைச் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் கறுத்து, எத்தனை வெளுப்புக்கும் போகாது. யாராவது பெரியவர் அதைச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் விருந்தாளி கையில் கொடுக்காதீர்கள். சாறு தோலில் பட்டால் கொப்புளம் போடும்.

இன்றைக்கு நம்பக்கூடியது பிக்மெண்ட் (நிறமித் துகள்) மைப் பேனா. ஜப்பானின் சகுரா கம்பெனி செய்யும் பிக்மா மைக்ரான் பரவலாகக் கிடைக்கிறது. அதில் 01 என்பது கால் மில்லிமீட்டர் கோடு, 05 என்பது 0.45, 08 என்பது அரை மில்லிமீட்டர். ஆங்கிலக் கையெழுத்துக்கு 08 அழகு. தமிழுக்கு நான் 05தான் கொடுப்பேன். நம் எழுத்தில் சுழி அதிகம். மை கொஞ்சம் பரவினாலும் சுழி அடைந்துபோய் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். உருதுவில் எழுதுகிறவர்களுக்கும் 05தான் சரி, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. 01 வேண்டாம், பழக்கமில்லாத கை அழுத்தினால் முனை உள்ளே போய்விடும். 75 கட்டத்துக்கு ஆறு பேனா வாங்குங்கள். ஆண்டர்சன் தெருப் பக்கம் பத்திரிகை, காகிதம் வாங்கப் போகும்போது அப்படியே ஸ்டேஷனரிக் கடைகளிலும் விசாரித்துவிடலாம்.

கறுப்பு, அடர் பழுப்பு இரண்டும் நிலைக்கும். பால் பாயின்ட் எண்ணெய் மை, ஈஷிக்கொள்ளும். சாதாரண ஜெல் பேனா துவைப்பில் ஓடும். பெட்டிமேல் எழுதும் பெர்மனென்ட் மார்க்கர்தான் நான் 2009இல் கொடுத்தது. பெயரில் பெர்மனென்ட் இருப்பதால் ஏமாந்தேன். அந்த மை இழை வழியே ஊர்ந்து, எழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் கட்டியிருக்கிறது.

எந்தப் பேனா ஆனாலும் மிச்ச நாடாவில் எழுதி ஒரு நாள் விட்டு, இஸ்திரி போட்டு, மூன்று முறை சோப்பில் துவைத்து வெயிலில் காயப் போட்டுப் பாருங்கள். துவைக்காத துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இதற்கு ஒரு வாரம் ஆகும். விழாவுக்கு முந்தின நாள் செய்யும் வேலை அல்ல.

எழுதும் பலகை

துணியில் எழுதும்போது பேனாவோடு துணியும் நகரும். வெளிநாட்டில் ஃப்ரீசர் பேப்பர் என்று ஒன்றை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒரு பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூசிய தாள், இஸ்திரி போட்டால் துணியின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும், எழுதி முடித்ததும் உரித்துவிடலாம். இணையத்தில் வாங்கக் கிடைத்தால் வாங்குங்கள். பேக்கரியில் கொடுக்கும் பட்டர் பேப்பர் அதற்கு மாற்று அல்ல, ஒட்டவே ஒட்டாது. சட்டைக் காலருக்கு ஒட்டும் கேன்வாஸும் வேண்டாம், அது உரியாமல் அங்கேயே தங்கி, போர்வையை அட்டை மாதிரி ஆக்கிவிடும்.

நான் செய்வது இதுதான். பழைய காலண்டர் அட்டையை 9 இஞ்ச் சதுரமாக வெட்டி, ஹார்டுவேர் கடையில் நைஸ் உப்புத்தாள் வாங்கி, சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி முழுக்க ஒட்டுவேன். துணிக்கட்டத்தை அதன்மேல் வைத்தால் இம்மி நகராது. இன்னொரு அட்டையில், அதே 9 இஞ்ச், நடுவில் நாலரை இஞ்ச் சதுர ஜன்னல் வெட்டுவேன். பலகை, துணி, ஜன்னல் அட்டை என்று அடுக்கி இரண்டு பக்கமும் கிளிப் போட்டால் எழுதும் பலகை தயார். ஜன்னலுக்குள்தான் எழுத முடியும், சுற்றிலும் ஒன்றேகால் இஞ்ச் வெள்ளை தானாக நிற்கும். "ஓரம் விட்டு எழுதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. வலமிருந்து எழுதுகிறவருக்கும் இடமிருந்து எழுதுகிறவருக்கும் ஒரே ஜன்னல் போதும். இப்படி நாலு பலகை செய்துகொண்டால் ஒரே நேரத்தில் நாலு பேர் எழுதலாம்.

ஜன்னல் இன்னும் பெரிதாக இருக்கலாமே என்று கேட்பார்கள். நாலரை இஞ்சுக்கு மேல் போகாதீர்கள். நாம் எல்லாரும் கிடைத்த இடத்தை நிறைத்து எழுதுகிறவர்கள்தான்.

கோடு வேண்டும் என்று தோன்றினால், ஜன்னலின் இரண்டு பக்க விளிம்பிலும் குண்டூசியால் ஓட்டை போட்டு, வெள்ளை நூல் இரண்டு இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கு மேலே எழுதினால் வரி நேராக வரும். துணியில் பென்சில் கோடோ, தையல்காரர் நீலப் பேனாக் கோடோ போடாதீர்கள். தண்ணீரில் மறையும் அந்த நீல மை, மேலே இஸ்திரிச் சூடு பட்டால் மறையாமல் நிரந்தரமாகிவிடும்.

விழா அன்றைக்கு

மேஜை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. வரவேற்பில் பன்னீர் தெளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போடவே கூடாது. அங்கே வருகிறவர் கையெல்லாம் ஈரம், விரல் நுனியில் சந்தனம். ஒரு தடவை தண்டையார்பேட்டை மண்டபம் ஒன்றில் அப்படிப் போட்டு, பதினொரு கட்டத்தில் சந்தன விரல் ரேகை விழுந்தது. பந்திக்குப் போகிற வழியும் வேண்டாம், சாப்பிட்டு வருகிற வழி அதைவிட மோசம். மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வரிசைக்கு ஓரமாக, சாப்பாட்டுக்கு முன்னால், மின்விசிறி நேராக அடிக்காத இடத்தில் போடுங்கள். பக்கத்தில் உலர்ந்த துண்டு ஒன்று. மே மாதத்தில் உள்ளங்கை வேர்வையே துணியை நனைத்துவிடும்.

மேஜையில் ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்தால் ஆசையாகச் செய்வார்கள். எழுதி முடித்த ஒரு கட்டத்தை மாதிரியாக முன்னால் நிறுத்தி வையுங்கள். நூறு வார்த்தை விளக்கம் சொல்வதை அது சொல்லிவிடும். இருந்தாலும் காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அத்தை என்னிடம் கேட்டார்: "இன்னாம்மா, நல்ல துணியப் போயி கிறுக்கச் சொல்ற?" கட்டத்தை அவர் மடியில் வைத்து, இது போர்வையாகி உங்கள் பேத்தி மேல் கிடக்கும் என்று சொன்னதும், பேனாவை வாங்கி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

மெதுவாக எழுதுவதுதான் துணிக்கு ஏற்றதும். காகிதத்தில் போடுவது மாதிரி ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டால் கோடு விட்டுவிட்டு வரும். பேனாவை அழுத்தாமல், கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, சாதாரணமாக எழுதுவதில் பாதி வேகத்தில் எழுதச் சொல்லுங்கள். தயங்குகிறவருக்கு மிச்ச நாடாவில் ஒரு முறை எழுதிப் பார்க்கக் கொடுங்கள்.

கையெழுத்து மட்டும் கிறுக்கினால் முப்பது வருஷம் கழித்து யாருடையது என்று தெரியாது. பெயரைப் படிக்கும்படியும் எழுதச் சொல்லுங்கள், ஊரோ தெருவோ சேர்த்தால் இன்னும் நல்லது. வாழ்த்து ஒரு வரிக்கு மேல் வேண்டாம். சௌகார்பேட்டை நண்பர்கள் இந்தியில், ராயபுரத்து அக்கம்பக்கம் தெலுங்கில், உருதுவில் என்று எழுதினால் அப்படியே விடுங்கள். அவரவர் மொழியில்தான் அவரவர் கை தடுமாறாமல் ஓடும்.

எழுதத் தெரியாத பெரியவர்களை மை ஒற்றும் டப்பாவில் கைநாட்டு வைக்கச் சொல்லாதீர்கள். அந்த மை துவைத்தால் போகும், பலருக்கு அது சங்கடமும்கூட. ஒரு பாட்டியிடம் பேனாவைக் கொடுத்து ஒரு சின்னக் கோலம் போடச் சொன்னேன். நாலு புள்ளி வைத்து, கை எடுக்காமல் ஒரு சிக்கு போட்டார். எழுபத்தைந்து கட்டத்தில் கோடு ஒரே சீராக இருந்தது அதில்தான். ஓரத்தில் பேரன் அவர் பெயரை எழுதினான். கைக்குழந்தை என்றால் கையை விரித்து வைத்துச் சுற்றிக் கோடு போடலாம், நாலரை இஞ்ச் ஜன்னலில் சரியாக அடங்கும்.

எழுதியதை ஒன்றன்மேல் ஒன்றாக உடனே அடுக்காதீர்கள். அரை மணி நேரம் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே எழுத வருவார்கள்.

எழுதிய பிறகு

ஒரு நாள் முழுக்க விட்டு இஸ்திரி போடுங்கள். பருத்திக்கு உள்ள சூட்டில், நீராவி இல்லாமல், துளித் தண்ணீர் தெளிக்காமல். முதலில் பின்பக்கம், அப்புறம் சுத்தமான வெள்ளைத் துணி ஒன்றை மேலே போட்டு முன்பக்கம். பெட்டியைத் தேய்த்து ஓட்டாமல், வைத்து, அரை நிமிஷம் அழுத்தி, எடுத்து, நகர்த்தி வையுங்கள். தெருமுனையில் கரிப்பெட்டி இஸ்திரிக்குக் கொடுக்க நினைத்தால் வேண்டாம். சூடு நம் கையில் இருக்காது, தண்ணீர் தெளித்துத்தான் தேய்ப்பார்கள்.

வர முடியாதவர்களுக்காக நான் எப்போதும் ஐந்தாறு கட்டம் ஒதுக்கி வைப்பேன். வெளியூருக்குத் தபாலில் அனுப்புவதென்றால் அட்டையோடு கிளிப் போட்டு, ஒரு பேனாவையும் சேர்த்தே அனுப்புங்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் பேனாவை நம்ப முடியாது. படுக்கையில் இருப்பவர்களிடம் பலகையை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள். தலையணைமேல் வைத்து எழுத வசதியாகத்தான் பலகை 9 இஞ்ச்.

ஒரு நோட்டில் யார் யார் எழுதினார்கள், என்ன உறவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் வெட்டு. அட்டையில் ஆறரை இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டி, அதன் நான்கு ஓரத்திலும் கால் இஞ்ச் உள்ளே கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் மட்டும் ஜன்னலாக வெட்டி எடுத்தால் மிஞ்சும் சட்டம்தான் தையலுக்குள் போகும் இடம். அதைத் துணிமேல் வைத்து, எழுத்து நடுவில் வரும்படி நகர்த்தி, ஒரு கொம்போ காலோ சட்டத்துக்கு அடியில் போகவில்லை என்று பார்த்து, வெளி விளிம்போடு வெட்டுங்கள். தலைப்பெழுத்தை இரண்டு முறை பாருங்கள். வெட்டியதைப் பழைய பருத்தித் துண்டில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் புள்ளி விழும். எண்ணிப் பார்த்து 75 இருந்தால் பூத்துணியை வெட்டத் தொடங்கலாம்.